ஒரு கன்னம்

கையில எடுத்தவுடனே கனம் தெரியுது. சும்மா பாக்கத்தான் எடுத்தேன், வேற எதுக்கும் இல்லை. பெட்டியைத் தொறந்து, துணியைப் பிரிச்சு, கைப்பிடியைத் திருகித் தலையை மாட்டி, ஒரு தடவை விரல் மேல நிறுத்திப் பாத்துட்டு மறுபடியும் உள்ள வச்சுடலாம்னுதான். பம்ப் கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன்ல நிக்கறவன் நான், நாள் பூரா பம்புக்குள்ள சுத்தற வெண்கல இம்பெல்லரைத் தட்டித் தட்டிப் பாக்கறவன், எனக்கென்ன வெண்கலம் புதுசா. ஆனா அதெல்லாம் யாரோ ஒருத்தர் கெணத்துக்குள்ள போயி எறங்கற வெண்கலம். இது என் கைக்குன்னு வந்த ரேசர். நகத்தால ஒரு தட்டு தட்டினேன். நல்ல உலோகம், சத்தத்துலயே தெரியுது. பாத்ரூம் டியூப்லைட்டுக்குக் கீழயும் பித்தளை மாதிரி பல்லைக் காட்டாம அடக்கமா ஒரு நெறம். சரி, பாத்தாச்சு, வச்சுடு. போன் வாஷிங்மெஷின் மேல மல்லாக்கக் கெடக்குது, அடிக்கலை. ஆஸ்பத்திரிக்குப் போயிச் சேந்துருப்பாங்க. டோக்கன் வாங்கி, அந்த நீலக் கலர் நாற்காலியில கோகிலா காலை நீட்டி உக்காந்துருப்பா. பக்கத்துல அத்தை பையை மடியில வச்சுக்கிட்டு, போற வர்ற நர்ஸையெல்லாம் நிறுத்தி, எப்பக் கூப்பிடுவீங்கன்னு கேட்டுட்டு இருப்பாங்க. பொண்டாட்டிக்கு ஸ்கேன், மாமியா கூடப் போயிருக்காங்க, லீவு போட்ட புருசன் பனியனோட கண்ணாடி முன்னால நிக்கறேன். நல்லா இருக்குதா இது. நேத்து சாயங்காலத்துல இருந்து அசைவு கம்மியா இருக்குதுங்கன்னு சொன்னவ, கூட வர்றேன்னு நான் சட்டையை எடுத்தப்ப, நீங்க வேண்டாங்க, அம்மா வரட்டும்னுட்டா. ஆட்டோ டிரைவர்கூட ஒரு தடவை திரும்பி என்னையப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தாரு.

ஏன் வேண்டாம்னு நான் கேக்கலை. கேட்டா சொல்லியிருப்பா, அதனாலதான் கேக்கலை. போன தடவை, ஏழாம் மாசம், இதே ஆஸ்பத்திரியில ஸ்கேன் ரூமுக்குள்ள அவ தலைமாட்டுல நான்தான் நின்னேன். டாக்டரம்மா வயித்து மேல அந்தக் கருவிய வச்சு இந்தப் பக்கம் நகத்தறாங்க, அந்தப் பக்கம் நகத்தறாங்க, நான் மடையன், திரையில என்னமோ தெரியுதுன்னு கைய நீட்டி, அதுதானுங்களே காலுன்னு கேக்கறேன். அவங்க திரைய மெதுவா அந்தப் பக்கமாத் திருப்பினாங்க. திருப்புன சத்தம் இருக்குதே, எண்ணெய் போடாத கீல் மாதிரி கிர்ருனு ஒரு சத்தம், இன்னும் கம்பெனியில எந்த மிஷின் அப்படிக் கத்துனாலும் கையில இருக்கறதைக் கீழ வச்சுடறேன். கோகிலா அப்ப டாக்டரைப் பாக்கலை. என்னையத்தான் பாத்தா. என் மூஞ்சியப் பாத்துத்தான் அவ தெரிஞ்சுக்கிட்டா. அதுல இருந்து அந்தச் சேதியும் இந்த மூஞ்சியும் அவளுக்கு ஒண்ணாப் போச்சு, அதுக்கு நான் என்ன பண்ண முடியும். இன்னிக்கு அந்த ரூமுக்குள்ள என் மூஞ்சி இருக்கக் கூடாதுன்னு நெனைக்கறா. நெனைக்கட்டும். ஆனா வலிக்குது. கோவமும் வருது. கோவப்படறதுக்கும் மூஞ்சி வேணுமே, அதுல முக்காவாசி தாடியாத்தான் இருக்குது.

தாடி. பொண்டாட்டி முழுகாம இருக்கறப்ப புருசன் மூஞ்சியில கத்தி படக் கூடாது, கொழந்தை பொறந்த பொறவுதான் எடுக்கணும். எதுக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. நான் நம்பறேனா? நம்பலை. நம்பாமலேயே வளத்தேன். ஏன்னா இந்த விசயத்துல எனக்குன்னு வேற என்ன வேலை இருக்குது. வாந்தி அவளுது, கால் வீக்கம் அவளுது, ஊசி அவளுது, பொரண்டு படுக்க முடியாம சொவத்தைப் புடிச்சு எந்திரிக்கறது அவ. புள்ளைய அவ சொமக்கறா, தாடிய நான் சொமக்கறேன். கேக்கச் சிரிப்பா இருந்தாலும் நெசம் அதுதான். கம்பெனியில சாமி, எப்ப மலைக்குப் போறீங்கன்னு கேலி பண்ணாங்க, பண்ணட்டும்னு விட்டேன். சாப்பாட்டுல முடி விழுந்துச்சு, வெயில்ல கழுத்தெல்லாம் அரிச்சுது, பொறுத்துக்கிட்டேன். போன தடவையும் ஒழுங்காத்தான் சொமந்தேன், ஒரு முடி கொறைக்கலை. அதனால என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை. அப்பத் தாடிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு தெரிஞ்சுபோச்சில்ல. தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சவன் எதுக்கு வாசக்கதவுல தாழ்ப்பாள் போட்டிருக்குதான்னு போயிப் பாத்துட்டு வந்தேன்.

கழுத்து மட்டும். கழுத்துல இருக்கறதை யாரும் தாடின்னு சொல்ல மாட்டாங்க. கத்திரிக்கோல்ல ஒட்ட வெட்டிவிட்டு, வெந்நீர்ல துண்டை நனைச்சு வச்சேன். சிறுவாணித் தண்ணிக்கு நுரை எப்படி வருதுன்னு பாரு, பிரஷை ரெண்டு சுத்து சுத்தினா தயிர் கடைஞ்ச மாதிரி கெட்டியா ஏறுது. சந்தன வாசம் பாத்ரூம் பூரா. பிளேடைக் காகிதத்துல இருந்து உரிச்சு மாட்டி, தாடைக்குக் கீழ வச்சேன். அமுக்கலை. அமுக்கவே தேவையில்லை, அதோட கனத்துக்கே அது எறங்குது, நாம சும்மா புடிச்சுக்கிட்டா போதும். சர்ருனு ஒரு சத்தம், பொடியா, மணல் மேல வெளக்குமாறு போற மாதிரி. அந்த எடத்துல விரலை வச்சுப் பாத்தேன். வழுவழுன்னு இருக்குது. என் தோலுதானா. இத்தனை மாசமா உள்ள இருந்துருக்குது. நல்லா இருக்குது, ரொம்ப நல்லா இருக்குது, என்னமோ ஒரு பாரம் எறங்குன மாதிரி, மூச்சு நேரா வர்ற மாதிரி. பிளாஸ்டிக் ரேசர்ல அவசர அவசரமா வழிச்சுட்டு ஷிஃப்டுக்கு ஓடுனதெல்லாம் ஷேவிங்கே இல்லை. தண்ணியில அலசினா நுரையோட முடி சுத்திச் சுத்திப் போகுது, வெண்கலம் மறுபடியும் மினுங்கிட்டு மேல வருது. கழுத்து முடிஞ்சுது. இதோட நிறுத்தணும். ஆனா தாடைக்கும் கழுத்துக்கும் நடுவுல கோடு கோணலா இருக்குது, அதை நேராக்கணும்னு கொஞ்சம் மேல போனேன், மேல போனதும் வலது கன்னம் ஒரு பக்கம் கொறைஞ்சு தெரிஞ்சுது, சமம் பண்றேன்னு கத்திரியை எடுத்தேன். வெட்டினப்ப கொத்தா முடி வாஷ்பேசின்ல விழுந்துச்சு. விழுந்ததை எடுத்து ஒட்ட முடியாது. இப்ப என்ன பண்றது. போன் அடிக்கலை. அவளைக் கூப்பிட்டேன், மணி போயிட்டே இருக்குது, எடுக்கலை. உள்ள போயிருப்பா. உள்ள போயிருந்தா இந்நேரம் படுக்க வச்சிருப்பாங்க, சில்லுனு அந்த ஜெல்லைத் தடவியிருப்பாங்க, கருவி வயித்து மேல இந்தப் பக்கம் அந்தப் பக்கம். நான் இங்க கன்னத்துல நுரையைத் தடவறேன். அவங்க அங்க நகத்தறாங்க, நான் இங்க இழுக்கறேன். ச்சே, என்ன நெனப்பு இது. கையை எடு. கை எடுக்க மாட்டேங்குது, கிருதாவுல இருந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பு, அந்த சொகத்துல கண்ணு தானா மூடுது, கண்ணை மூடினா அந்தத் திரை.

இந்தச் சனியனை நான் எதுக்கு வாங்கினேன். எல்லாம் ஆறுச்சாமியால. தெருமுனையில சலூன் வச்சிருக்காரே ஆறுச்சாமி, பாவம், நல்ல மனுசன், அவரைச் சொல்லித் தப்பில்லை. போன தடவை எல்லாம் முடிஞ்சு, கோகிலாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து படுக்க வச்சுட்டு, இந்தத் தாடியோட இன்னும் ஒரு நிமிசம் இருக்க முடியாதுன்னு அவரு கடைக்குத்தான் போனேன். தாடிய எடுங்கன்னேன். அவரு மூஞ்சி மலந்துருச்சு. பொறந்துருச்சுங்களா சார், என்ன கொழந்தைங்க? கண்ணாடியில பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். கழுத்துல கத்திய வச்சிக்கிட்டு ரெண்டு நிமிசம் என் மூஞ்சியப் பாத்தவரு, அவரா முடிவு பண்ணிக்கிட்டாரு. பொண்ணுங்களா சார்? அதுக்கு எதுக்குங் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறீங்க. எனக்கு மூணும் பொண்ணுதானுங், ஒரு கொறையும் இல்லை. மகாலட்சுமி வந்துருக்குதுங் சார், சிரிங்க. தொண்டையில கத்தி இருக்கறப்ப தலையாட்ட முடியுமா. பொண்ணுதான். அது மட்டும் அவரு சரியாச் சொன்னாரு. துணியில சுத்தி ஒரு தடவை என் கையில குடுத்தாங்க, நெத்தி என்னோடது மாதிரியே இருந்துச்சு. ஆறுச்சாமி அன்னிக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாரு, பவுடர் போட்டு, கழுத்தை அமுக்கிவிட்டு, பாப்பாவுக்கு மொத மொட்டை நாந்தானுங் அடிப்பேன், வேற யாருகிட்டயும் போயிறக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினாரு.

அதுக்குப் பொறவு எப்பப் பாத்தாலும் கேப்பாரு. பாப்பா குப்புற விழுந்துருச்சுங்களா. பாப்பா நடக்குதுங்களா. பள்ளிக்கூடம் போட்டாச்சுங்களா. நான் பைக்கை மெதுவாக்காம தலைய மட்டும் ஆட்டிட்டுப் போவேன். அப்புறம் அந்தத் தெருவையே விட்டுட்டு பின்னால சுத்திப் போக ஆரம்பிச்சேன், முடி வெட்ட கம்பெனி பக்கத்துல வேற ஒரு கடை. ஆனா ஒரு விசயம், இதை யாருகிட்டயும் சொன்னதில்லை. சில நாள் வேணும்னே அந்த வழியாப் போவேன். அவரு கேக்கணும்னு போவேன். வீட்ல அந்தக் கொழந்தையப் பத்திப் பேச்சே கெடையாது. அத்தை அக்கம்பக்கத்துல, கோகிலாவுக்கு இது தலைச்சன், தலைச்சன்னு சொல்றப்ப கோகிலா எந்திரிச்சு உள்ள போயிருவா, நான் டீவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். ஊருக்குள்ள என் மக பேச்சு நடக்கற ஒரே எடம் அந்த சலூன்தான். அங்க அவ வளந்துட்டு இருக்கா. நடக்கறா, பள்ளிக்கூடம் போறா. எனக்கு அது வேணும்போல இருந்துச்சு, அதே சமயம் தாங்கவும் முடியலை. இந்தத் தடவை மறுபடியும் தாடி வளர ஆரம்பிச்சப்ப எனக்கு ஒரே வெசனம். எப்படியும் ஒரு நாள் எடுத்துத்தானே ஆகணும். நல்லது நடந்தாலும் எடுக்கணும், கெட்டது நடந்தாலும் எடுக்கணும். அன்னிக்கு என் மூஞ்சிய வேற ஒருத்தர் கையில குடுத்துட்டு, என்ன கொழந்தைங்கற கேள்விக்காக உக்காந்திருக்க என்னால முடியாது. சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம், கனமா, கை நடுங்கினாலும் நேராப் போற மாதிரி ஒண்ணு. அப்படித்தான் இது வந்துச்சு.

சட்டைங்களுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தேன், கோகிலா கண்டுபுடிச்சுட்டா. பெட்டிய மடியில வச்சு கட்டில்ல உக்காந்திருந்தா. எந்த நாளைக்குன்னு வாங்கி வச்சிருக்கீங்கன்னு கேட்டா. சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. நான் கொழந்தை பொறக்கற நாளைக்குன்னு சொல்லியிருக்கலாம், அதுல பாதி நெசமாவும் இருந்திருக்கும். சொல்லலை. அவளும் மேல கேக்கலை, எடுத்த எடத்துலயே வச்சுட்டு, தோசை ஊத்தட்டுங்களான்னு கேட்டா. நான் கெட்டதுக்குத் தயாரா இருக்கேன்னு நெனச்சுட்டா. இருக்கேன்தான். அவ இல்லையா? ஒரு தொட்டில் வாங்கலை, ஒரு சட்டைத்துணி வாங்கலை, பேரு பத்தி ஒரு வார்த்தை பேசலை. எல்லாரும் தயாராத்தான் இருக்கோம், நான் மட்டும் வெண்கலத்துல வாங்கி மாட்டிக்கிட்டேன்.

சுருக்குன்னுது. தாடை ஓரத்துல ரத்தம், நுரையில ரோஸ் கலரா எறங்குது. கவனம் எங்க போச்சு. படிகாரத்தை நனைச்சு அழுத்தினேன், எரியுது. வலது கன்னம் முடிஞ்சுது. மழமழன்னு, வெளுத்து, எவனோ பழைய கூட்டாளி எட்டிப் பாக்கற மாதிரி இருக்குது. கன்னத்துல ஒரு மச்சம் இருந்ததே மறந்துபோச்சு. இடது பக்கம் காட்டுச்சாமி, நுரையைத் தடவிக்கிட்டு நிக்கறான். இவனையும் எடுத்துட்டா முடிஞ்சுது. எடுக்க வேண்டியதுதான். கைய அந்தப் பக்கம் கொண்டு போறேன், கொண்டு போறேன், கன்னத்துல வைக்க முடியலை. நான் என்ன பண்ணிட்டு இருக்கேன். அவ அங்க ஒத்தையாப் படுத்துருக்கறப்ப, எனக்குன்னு இருந்த ஒரே வேலைய நான் பாதியில எறக்கி வச்சுட்டேன். ஒரு வேளை சம்பந்தம் இருந்தா? தண்ணி சொட்டற சத்தம் கேக்குது. பக்கத்து வீட்டுல குக்கர் விசில் அடிக்குது. இவ்வளவு நேரமா ஒரு ஸ்கேன்? நல்ல சேதின்னா உடனே சொல்லியிருக்க மாட்டாங்களா. கெட்ட சேதியத்தான் யார் சொல்றதுன்னு யோசிப்பாங்க. அத்தைதான் கூப்பிடுவாங்க. அத்தை பேர் போன்ல வந்தா நான் எடுக்க மாட்டேன். சாமி, இதை எனக்குக் குடுத்துரு, நான் வேற எதுவும் கேக்கலை, இந்தப் பக்கத்துத் தாடிய ஆயுசுக்கும் வச்சுக்கறேன்.

போன் அடிக்குது. கோகிலா. ஈரக் கையில எடுத்து, மழிச்ச பக்கத்துல வச்சேன், கண்ணாடி மாதிரி ஜில்லுன்னு பட்டுச்சு. ஏனுங்கன்னா. அவ குரல்தான், ஆனா மூச்சு வாங்குது. சொல்லு கண்ணுன்னேன். கேக்குதுங்கன்னா. என்ன கேக்குது? துடிப்புங்க, நல்லாக் கேக்குது, குதுகுதுன்னு ஓடிட்டே இருக்குது, நான் இன்னொரு தடவ வைங்கன்னு கேட்டு வாங்கிக் கேட்டேன். நான் கமோடு மூடி மேல உக்காந்துட்டேன். ஆனா வயித்துக்குள்ள தண்ணி கம்மியா இருக்குதாங்க, காத்திருக்க வேண்டாம், இன்னிக்கே ஆபரேசன் பண்ணி எடுத்துரலாம்ங்கறாங்க. பயப்பட ஒண்ணும் இல்லையாம். அம்மா அழுதுட்டு இருக்குது. அப்புறம், நீங்க வாங்கன்னா. வர வேண்டாம்னியேன்னேன். சொன்னேன், இப்ப வாங்கங்கறேன், எனக்குப் பயமா இருக்குது. கோகி, நான் ஷேவ் பண்ணிட்டு இருக்கேன்னேன். மறைக்கத் தோணலை. அந்தப் பக்கம் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடறது கேக்குது. அந்த ரேசர்லயா? ஆமா. முடிஞ்சுதுங்களா? பாதிதான் ஆச்சு. மூக்கை உறிஞ்சற சத்தம், அழறாளா சிரிக்கறாளான்னு தெரியலை. பாதியோடயே வாங்க, எடுக்க நிக்காதீங்கன்னு சொல்லி வச்சுட்டா.

ரேசரைக்கூட அலசலை, நுரையோட அப்படியே பேசின் ஓரத்துல வச்சுட்டேன். சட்டைக்குப் பொத்தான் மாறிப் போச்சு, படியில எறங்கிட்டேதான் சரி பண்ணினேன். ஹெல்மெட்டை மறந்துட்டேன். பின் தெரு சுத்துவழி, இன்னிக்கு யாரு சுத்தறது, நேராவே விட்டேன். தெருமுனையில தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்துட்டு குறுக்க நிக்குது, சரியா சலூன் வாசல்ல நிறுத்த வேண்டியதாப் போச்சு. ஆறுச்சாமி தோள்ல துண்டோட வெளிய வந்தாரு. என்னையப் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு, இந்தப் பக்கம் பாத்தாரு. ஏனுங் சார், பாதியில கெளம்பிட்டீங்க? ஆஸ்பத்திரிக்குங்க, ஆபரேசனாம்னேன். மூஞ்சி மலந்துருச்சு, அதே மாதிரி. ரெண்டாவதுங்களா சார்? தலைய ஆட்டிட்டுப் போயிரலாம். லாரி நகர்ற மாதிரி இருந்துச்சு. ஆமாங்க, ரெண்டாவதுதான்னேன். வெளிய சொன்னப்ப அது பொய்யாவே இல்லை, ஊர்ல யாரும் எண்ணிக்கையில சேக்காதவளை நான் சேத்துட்டேன். உள்ள என்னமோ ஒண்ணு தெறந்துக்கிட்டு, நிக்காம மீதியும் வந்துருச்சு. மொதப் பொண்ணு தங்கலைங்க. அன்னிக்கு நான் வந்தப்பவே இல்லை. நீங்க கேட்டீங்க, எனக்குச் சொல்ல வரலை.

நடக்கறதா, பள்ளிக்கூடம் போறதா அவரு கேட்ட அத்தனையும் அவரு மூஞ்சியில ஒண்ணொண்ணா வந்து போறது எனக்குத் தெரிஞ்சுது. அய்யோ சார்னு மெதுவாச் சொன்னாரு. அப்புறம் கிட்ட வந்து, தோள்ல இருந்த துண்டை எடுத்து, தாடியில காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்த நுரையைத் தொடச்சு விட்டாரு. கொழந்தைக்குத் தொடைக்கற மாதிரி, அழுத்தாம, காதுக்குப் பின்னால வரைக்கும். பேரு வச்சிருந்தீங்களா சார்னு கேட்டாரு. இல்லீங்கன்னேன். வைக்கோணும் சார்னாரு. லாரி நகந்துருச்சு, பின்னால ஹாரன் அடிக்கறாங்க. போங்க சார், அம்மணி காத்துட்டு இருக்கும், மீதியை நாளைக்கு வாங்க, நான் எடுத்து உடறேன்னாரு. வர்றேனுங்கன்னு கியரைப் போட்டேன். ஒரு கன்னத்துல மட்டும் காத்து ஜில்லுன்னு அடிச்சுது.